மணியில் விழுந்த விரிசல்

— மத்தியானம் சர்ச் மலர் அச்சுக்குப் போகுது அக்கா. மணி வரலாறுல தப்பு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு.

— கண்ணாடிய மேல கோபுரத்துல மணிகிட்டயே விட்டுட்டு எறங்கிட்டேன். நீயே படி. கயித்த முடிஞ்சுக்கிட்டே கேக்குறேன்.

— "கப்பலில் வந்த இந்த மணி, கோபுரம் கட்டி முடியும்வரை ஆறு ஆண்டுகள் மரக்கிளையில் தொங்கியது." சரிதானே?

— ம்.

— "நாற்பது ஆண்டுகளுக்கு முன், மணியடிப்பவரின் மூத்த மகள் முதன்முதலாகக் கயிறு பிடித்த அன்று, அவளுடைய கவனக்குறைவால் மணி விரிசல் கண்டது. பிறகு அதை உருக்கி மறுபடி வார்த்தார்கள்."

— ம்.

— என்ன ம்? பேர் கெடுதேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?

— எழுதினது நீதானே. கை வலிச்சுதா?

— ஊர் சொன்னதத்தான் எழுதினேன். மணிய ஒடச்சவ கையிலயே அப்பா திரும்பவும் கயித்தக் குடுத்தாரு பாரு, அத எழுதல. எனக்கு இன்னிக்கும் அது செரிக்கல. நான் ஒரு தட்ட ஒடச்சிருந்தா வீட்ட விட்டே தொரத்தியிருப்பாரு.

— தொரத்தியிருக்க மாட்டாரு.

— ஆமா ஆமா, அவரப் பத்தி எல்லாம் உனக்குத்தான் தெரியும். ஊரே உன் கையசைவுக்கு எழுந்திருக்குது. என்னைப் பாத்தா மணியக்கா தங்கச்சின்னுதான் சொல்றாங்க. எனக்குன்னு ஒரு பேர் இருக்கறதே மறந்துபோச்சு.

— சின்னவளே, மணி ஏன் விரிஞ்சுது?

— நீ வேகமா இழுத்த.

— இழுத்தா விரியாது. அதிர்ற மணியில நாக்கத் தவிர வேற இரும்பு பட்டா விரியும். அப்பா சோறு ஊட்டும்போதே நமக்குச் சொன்னது.

— இப்ப எதுக்கு அது?

— அன்னிக்கு மணிக்குக் கீழ அப்பாவோட ஸ்பேனர் கெடந்துச்சு. பக்கத்துல உன் செருப்பு ஒண்ணு.

— ஒடையணும்னு அந்த ஸ்பேனர மணியில செருகி வைக்கல அக்கா. நீ அடிச்சா சத்தம் நல்லா வரக்கூடாதுன்னுதான். பத்து வயசு எனக்கு. உன்னைத் தட்டிக்குடுத்தாரு, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. வயிறு எரிஞ்சுது. அப்பாவுக்கு இது தெரியாதுல்ல?

— அந்தச் செருப்ப எடுத்துட்டு வந்து உன் கால்ல மாட்டிவிட்டதே அவருதான்.

— அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?

— என்னைக் கூப்பிட்டாரு. "சின்னவ தாங்க மாட்டா, நீ ஒத்துக்கோ"ன்னாரு. சபை முன்னாடி முட்டி போட்டு ஒத்துக்கிட்டேன். இந்தக் கயிறு அதுக்குக் கெடச்சதுதான்.

— பேனாவக் குடு அக்கா. அந்த வரிய அடிச்சிட்டு உள்ளத எழுதிடறேன்.

— வேண்டாம். அது உனக்காக அவரு சொல்லவச்ச பொய், அப்படியே இருக்கட்டும். எனக்காக ஒரு தடவை கூட அவரு பொய் சொன்னதில்ல. நாப்பது வருஷமா இந்தக் கயித்த இழுக்கும்போதெல்லாம், உன்னை நெனச்சு எரியறது என் வயிறுதான்டி.