ஒரு ஜோடி, இரண்டு சீட்டு

கைமணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நேரத்தையும் நெறியையும் ஒருசேரக் காக்கும் தலைவர் திரு. கந்தப்பு அவர்களே! முன்வரிசையை முழுதாக நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு வாசலோரம் நிற்கும் தாய்மார்களே! ஜூரோங் கப்பல் பட்டறையிலிருந்து வீட்டுக்கும் போகாமல் சிராங்கூன் சாலைக்கு வந்து சேர்ந்த தோழர்களே! முப்பதாண்டுகள் தொலைபேசி நிலையத்தில் ஊரையும் ஊரையும் ஒட்டவைத்த இந்தச் சிலுவைராஜ், உங்கள் உள்ளங்களோடு ஓர் இணைப்புக் கேட்டு நிற்கிறேன். வணக்கம்!

எனக்குத் தந்த தலைப்பு ‘வளரும் சிங்கப்பூர்’. தந்த நேரம் பத்து நிமிடம். தலைப்பை விட்டுவிடுகிறேன், நேரத்தை விடமாட்டேன். ஏனென்றால் போன மாதம் நான் கண்ட காட்சி இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.

நம் அல்போன்சம்மாளின் மகள் மதலேனாவை உங்களுக்குத் தெரியும். ஆங் மோ கியோவிலிருந்து எம்.ஆர்.டி. ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஒரு தரகு நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறாள். அவள் வாங்கித் தந்த அனுமதியோடு, தரகர்கள் கூடிச் சைகையாலேயே வாங்கி விற்கும் வணிகக் களத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்டேன் ஐயா, கண்டேன்! சிவப்புச் சட்டை, மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை! உள்ளங்கை தன்னை நோக்கினால் வாங்குகிறான், வெளியே நோக்கினால் விற்கிறான்! காது கேளாத இரைச்சலிலே கையே வாயாகி, கண்ணே காதாகி, காசு கடல் தாண்டுகிறது! முப்பதாண்டுகள் கம்பியோடு வாழ்ந்தவன் நான். கம்பியே இல்லாமல் இத்தனை இணைப்பா என்று வாயைப் பிளந்து நின்றேன்.

அங்கே என்ன விற்கிறார்கள் என்கிறீர்களா? நியாயமான கேள்வி, தம்பி. கல்யாண மண்டபத்துக்கு அச்சாரம் கொடுக்கிறோம். வேண்டுமென்றால் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அச்சாரத்தோடு போயிற்று. அப்படிப்பட்ட உரிமையைத்தான் விற்கிறார்கள், அதற்கு ஆப்ஷன் என்று பெயர். ஒன்றை வாங்கும்போதே இன்னொன்றை விற்பதும் உண்டு. ஒன்று சறுக்கினால் மற்றது தாங்கும். ஆகவே அந்த ஜோடி பிரியாமல் போக வேண்டும். ஒன்று போய் மற்றது நின்றால், ஒற்றைச் செருப்போடு உச்சிவெயிலில் தார்ச்சாலையில் நிற்கிற கதைதான். இன்னொன்றையும் கேளுங்கள். ஜோடியாகப் போனால் அந்த நிறுவனத்துக்கு ஒரு தரகு. தனித்தனியே போனால் இரண்டு தரகு.

அன்று களத்தின் ஓரத்திலிருக்கும் மதலேனாவின் மேசைக்கு, துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்து ஓர் இரும்பு வியாபாரி தொலைபேசியில் ஜோடி ஒன்று சொன்னார். அவள் முன்பு வங்கியில் இருந்தவள். வங்கியிலே வரவுக்கு ஒரு சீட்டு, பற்றுக்கு ஒரு சீட்டு. பழகிய கை சும்மா இருக்குமா? ஒரே சீட்டில் எழுத வேண்டியதை இரண்டு சீட்டில் எழுதிவிட்டது. வாங்கும் சீட்டு களத்தில் நிற்கும் தரகர் எட்மண்டிடம் போனது. விற்கும் சீட்டு வேறு காகிதங்களுக்கு அடியில் தங்கிவிட்டது. எட்மண்ட் வாங்கிவிட்டார். விலை இறங்கத் தொடங்கியது.

அடியில் கிடந்த அந்தச் சீட்டைக் கண்டாள் பெண். பயிற்சிக் காலம் முடிய இன்னும் ஒரு வாரம். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். பக்கத்து மேசைக்காரர் மெதுவாகச் சொன்னாராம்: “சும்மா அனுப்பு லா. அவர் ரெண்டு தனி ஆர்டர் கொடுத்தார்னு எழுதிக்கலாம். அந்த வியாபாரிக்கு என்ன தெரியப்போகுது?”

எளிய வழிதானே? யார் பார்த்தார்கள்? யார் கேட்பார்கள்? தரகும் இரண்டு, தலையும் தப்பும்!

நாற்காலியின் மேல் ஏறினாள் ஐயா அவள். உள்ளங்கையை வெளியே காட்டினாள், விற்கச் சொன்னாள். அடுத்து ‘தவறு என்னுடையது’ என்று சொல்ல வேண்டும். வாங்கவும் விற்கவும் சைகை தெரியும், இதற்கு அவளுக்கு யாரும் சைகை சொல்லித் தரவில்லை. ஆகவே கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்தாள். அத்தனை வண்ணச் சட்டைகளுக்கும் நடுவிலே! எட்மண்டுக்குப் புரிந்தது. அந்த நொடியே விற்றுவிட்டார், குறைந்த விலைக்கு. அவள் உடனே வியாபாரியை அழைத்து, “சார், நீங்க ஜோடியாத்தான் சொன்னீங்க, நான்தான் பிரிச்சு எழுதிட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! வேலை போகவில்லை. நட்டத்தை நிறுவனம் ஏற்றது, தரகும் ஒன்றே எடுத்தது. பயிற்சிக் காலம் மட்டும் மூன்று மாதம் நீண்டது. ரயிலில் வரும்போது, பயமாக இல்லையா என்று கேட்டேன். “பயமாத்தான் இருந்துச்சு அங்கிள். ஆனா அப்ப சொல்லலேன்னா அப்புறம் எப்பவுமே சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுச்சு” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. ஏன் தெரியுமா?

எழுபத்து நான்காம் ஆண்டு நம் தலைவர் யாழ்ப்பாணத்துக்கு ஓர் அழைப்புக் கேட்டார். நான் வேறு ஊருக்கு இணைத்துவிட்டேன். பிறகு சரியாக இணைத்தேன். அழைப்பு ஒன்று, நான் எழுதிய கட்டணச் சீட்டு இரண்டு, தவறாக இணைத்ததற்கும் மூன்று நிமிடக் கணக்கு. பேசாத மூன்று நிமிடத்துக்கு ஏன் பணம் என்று அவர் கடிதம் எழுதினார். மேலதிகாரி கேட்டபோது, அவர் இருமுறை பேசினார் என்றேன். அன்றிலிருந்து இவருக்கு எங்கள் தொலைபேசி அலுவலகத்திலும் நம் சங்கத்திலும் ‘மூன்று நிமிடக் கந்தப்பு’ என்று பெயர். கருமி என்றார்கள். நீங்களும் சிரித்தீர்கள். உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

தலைவர் அவர்களே! பதினான்கு ஆண்டுகள் தாமதமாக, இதோ என் கை என் நெஞ்சின் மேல். பின்வரிசைக்கும் தெரியட்டும், சற்று முன்னே வருகிறேன். நீங்கள் சொன்னது உண்மை. பொய் சொன்னவன் நான்.

தலைவரின் கை மணிக்குப் போகிறது. என் நேரம் முடிந்துவிட்டது. இல்லை, மணியைத் தள்ளி வைக்கிறார். மூன்று விரலைக் காட்டுகிறார். எனக்கு இன்னும் மூன்று நிமிடம் தருகிறாராம்!

வேண்டாம் ஐயா. அந்த மூன்று நிமிடம் உங்களுடையது. ஒலிபெருக்கியை உங்களிடமே தந்து அமர்கிறேன். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.