இன்னொரு வீடு போதும்

அலாரம் வைக்காமல் தூங்கி எழ வேண்டும். என் ஆசை அவ்வளவுதான், ஐயா. நகை, கார், படகு எதிலும் எனக்கு நாட்டமில்லை. ரியெக்கா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடும் வேலை. விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய், மற்றவர்களுக்கு எவ்வளவு வருகிறது என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டுத் திரும்புவேன். நாற்பது வயதானபோது, எவ்வளவு இருந்தால் இதை விட்டுத் தொலைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அது தப்பான யோசனை என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

அப்பா அம்மா விட்டுப்போன சின்ன வீடு ஒன்று இருந்தது, நான் குடியிருக்க. வாடகைக்கு விட இன்னொன்று வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குவதென்றால் கிழவியாகிவிடுவேன். அதனால் எங்கள் நாட்டில் பலரும் போகிற வழியில் போனேன். பிள்ளைகுட்டி இல்லாத ஒரு முதியவரோடு நோட்டரி முன்னால் ஒப்பந்தம். அவர் சாகும்வரை சமைத்துப் போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வீடு நமக்கு. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

முதலில் ஃபிலோமெனா அம்மாள். மூன்றாவது குளிர்காலத்தில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதில் என் கை எதுவும் இல்லை. நீங்கள் அவரைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்ததாகக் கேள்விப்பட்டேன். வீண் செலவு.

அந்த வீட்டைக் கோடையில் வெளியூர்க்காரர்களுக்கு விட்டேன். என் சம்பளத்தைவிட அதிகமாகவே வந்தது. ஆபீசில் பக்கத்து மேஜை தமாராவுக்கு அது பொறுக்கவில்லை.

"அதான் வருதேடி. இன்னும் எதுக்கு இந்தப் பஸ்ஸுல ஏறிவந்து சாகுற?"

"பல்லு கட்டணும். கூரை ஒழுகுது. ஒரு கோடைக்கு ஆளே வரலைன்னா?"

"கடல் வத்திப்போச்சுன்னா? அதையும் சேத்துக்கோ. ஒருநாளும் நீ வேலைய விடமாட்ட, ரொமானா."

"இன்னொரு வீடு போதும்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த இன்னொரு வீடு ஷிமேயுடையது. பார்பா ஷிமே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வயதான கப்பல்காரர்களுக்கு எங்கள் பக்கம் கொடுக்கிற மரியாதை அது. நான் போய்ப் பார்த்தபோது டப்பா மீனும் ஒயினுமாக வாழ்ந்துகொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். அதிகம் தாங்காது என்று டாக்டரே கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தார். விசாரித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பந்தம் போடுகிறவள் இல்லை நான்.

நான் செய்த பிழை ஒன்றுண்டு. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது எனக்கு. வேலை முடிந்து நேரே அவர் வீட்டுக்குப் போவேன். கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைப்பேன். மத்தி மீன் பொரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை புளித்த முட்டைக்கோசும் பீன்ஸும் போட்டு யோட்டா என்கிற கெட்டிச் சூப்பு. ஒயினை அளவோடு ஊற்றுவேன். மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுப்பேன். வசந்தம் வந்தபோது அவர் கைத்தடியை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சாகக் கிடந்தவன சந்தைக்கு அனுப்பிட்டா பாரு, இவதான்" என்று மீன்காரியிடம் என்னைக் காட்டினார். "இவ சூப்பு இருக்குற வரைக்கும் எமன் என் வாசல்ல நின்னு பசியோடதான் திரும்பணும்."

டாக்டரும் சிரித்தார். "அப்படி என்னம்மா குடுக்குறீங்க? இன்னும் பத்து வருஷம் தாராளமா ஓடும் இந்த எஞ்சின்."

பத்து வருடம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அந்தப் பத்துதான் மனதில் இருந்தது. நான் ஒப்பந்தம் போட்ட மனிதர் வேறு. வீங்கின காலோடு ஜன்னலுக்குப் போக முடியாதவர். இவர் மாடிப்படியில் விசிலடித்துக்கொண்டு ஏறுகிறார். ஒருவர் வாக்கு மீறிவிட்டால் மற்றவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போக வேண்டியதுதான்.

அவருடைய இதய மாத்திரை வெள்ளையாக, வட்டமாக இருக்கும். கடையில் விற்கிற சத்து மாத்திரை ஒன்றும் வெள்ளைதான், வட்டம்தான். ஒரு மனிதருக்குச் சத்து மாத்திரை கொடுப்பதைக் குற்றம் என்று யாராவது சொல்வார்களா என்று அப்போது யோசித்தேன். சமையலில் ஒரு குறையும் வைக்கவில்லை. சொல்லப்போனால் அந்த நாட்களில் இன்னும் நன்றாகவே சமைத்தேன்.

"ஏம்மா, படியேறினா மூச்சு வாங்குதே. டாக்டர் மாத்திரைய மாத்திட்டாரா?"

"வயசாகுதுல்ல, பார்பா."

"போன மாசம் வரைக்கும் ஆகலையே."

சிரித்துவிட்டேன். நல்ல தமாஷ்காரர். அவரை எனக்குப் பிடிக்கும், ஐயா. அதை நீங்கள் எங்கேயும் குறித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அந்த ஞாயிறு மதியம் யோட்டா சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடினோம். வழக்கம்போலக் கள்ள ஆட்டம் ஆடி ஜெயித்தார். சீட்டைக் கீழே வைத்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"ரொமானா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்மா."

"சொல்றேன்" என்றேன். முதலில் பாத்திரங்களைக் கழுவினேன். யோட்டா காய்ந்தால் சட்டியில் பிடித்துக்கொள்ளும். பிறகு அடுப்பைத் துடைத்தேன். அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார், மரியாதையாகத்தான். நான் போன் செய்தபோது அவசரம் எதுவும் மிச்சமில்லை.

அடுத்த மாதம் வேலையை விடுவதாக இருந்தேன். ஆனால் அவர் வீட்டுக் குழாயெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தது. அதை மாற்ற ஆகும் செலவைக் கேட்டபோது, இரண்டு வீட்டை நம்பி இறங்குவது அவ்வளவு புத்திசாலித்தனமாகப் படவில்லை. ஒரு வயதான தம்பதியைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேர், ஒரே வீடு. கணக்குக்கு அவ்வளவாக ஒத்துவராதுதான். ஆனால் கடலைப் பார்த்த பால்கனி. அதற்குள் டாக்டருக்குச் சந்தேகம் வந்து, நீங்களும் வந்துவிட்டீர்கள்.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். ஷிமே அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே நோட்டரியைக் கூப்பிட்டுச் செவ்வாய்க்கு நேரம் கேட்டிருந்தாராம். வீட்டை அன்றைக்கே என் பெயருக்கு மாற்றிவிட்டு, கிர்க் தீவில் தனக்குப் பழக்கமான ஒரு விதவையம்மாளோடு போய் இருக்கப்போகிறாராம். "அந்தப் பொண்ணுகிட்ட இப்பச் சொல்லிடாதீங்க. செவ்வாக்கிழம அவளுக்குப் பொறந்தநாளு. சாவியக் கையில குடுத்து அவ மொகத்தப் பாக்கணும்" என்றாராம்.

நேற்றிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சீட்டாடும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போன் பக்கத்திலேயேதான் இருந்தது.

மாத்திரையை மாற்றியது நான். போன் செய்யாமல் இருந்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் எழுதுங்கள், ஐயா. அத்தனை நாள் என் கையால் சாப்பிட்ட மனிதர், என்னிடமே ஒன்றை மறைத்து வைத்திருந்தார்.