போட்டோ போய்ச் சேர்ந்த பிறகு

ஹலோ... ஆமா, டாக்டர் லெமுவெல் கெய்தர் வீடுதான். நான் அவர் மனைவி, வெர்டெல்... ஓ, விட்லாக் ஐயாவா. வணக்கம் ஐயா. ரசாயனச் சங்கத்துச் செயலாளர் நீங்களே கூப்பிடறீங்களே... ஆமா, ஆமா, நாளைக்குக் காலைல ரயில். அலபாமாவுல ஏறினா நேரா உங்க ஊருதான். விருந்துக்கு முன்னாலயே வந்துடுவோம்.

... போட்டோவா? வந்துச்சா? நான்தான் அனுப்பினேன். பதக்கம் வாங்கறவர் படம் புத்தகத்துல போடணும்னு எழுதியிருந்தீங்களே. நல்லா விழுந்திருக்கில்ல?

... ம்.

... ம், ம். புரியுது. அவர் கறுப்பர்னு உங்களுக்குத் தெரியாது. கட்டுரைக்குக் கீழ வெறும் எல். கெய்தர்னுதானே இருக்கும்.

... கோவம் எல்லாம் இல்ல. மென்னு முழுங்காம சொல்லுங்க. விருந்து நடக்கற ஹோட்டல்காரங்க என்ன சொல்றாங்க?

... முன்வாசல்ல வரக் கூடாது. சரி... மத்தவங்களோட மேஜைல உக்காரக் கூடாது. அப்ப விருந்து யாருக்குங்க?

ஒரு நிமிஷம் இருங்க... ஏங்க, நீல டை நல்லாருக்கும். பீரோல ரெண்டாவது தட்டு... யாரும் இல்ல, சர்ச்ல இருந்து பேசறாங்க. நீங்க ஷூவைப் பாருங்க.

சொல்லுங்க ஐயா... இல்ல, அவருக்கு இன்னும் தெரியாது. பாட்டுப் பாடிக்கிட்டே பாலிஷ் போடறார். அவர் பாடிக் கேட்டு வருஷக்கணக்காச்சு. நான் எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

... என்னது? உடம்பு சரியில்லைன்னு தந்தி அடிக்கணுமா? நானா?... பதக்கம் தபால்ல வருமா.

... பதினோரு வருஷம் ஐயா. காலேஜுக்கு அடியில, கொதிகலன் பக்கத்துல ஒரு அறை. பீச் பழம் போட்டு வைக்கிற என் பாட்டில் அத்தனையும் அங்கதான் போச்சு. தொண்டை அடைப்பானுக்குப் போடற மருந்து ஐஸ் இல்லாமலும் கெடக் கூடாது, அவ்வளவுதான் அவர் கவலை. ஐஸ் பெட்டி இல்லாத வீடு யாரு வீடுன்னு உங்களுக்கே தெரியும். ஹிட்லர் சண்டைக்குப் போன உங்க பிள்ளைங்களுக்கும் அந்த மருந்துதானே போச்சு? அப்ப எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு யாரும் கேக்கலையே.

... பின்பக்கமா? சமையல்கட்டு வழியா வந்து, பத்து நிமிஷம் மேடைல நின்னுட்டு, அதே வழியாத் திரும்பிடணும்... அந்தக் கதவை நீங்க அவருக்குக் காட்ட வேணாம். உங்க ஊர்ல படிக்கிறப்ப நாலு வருஷம் அந்தச் சமையல்கட்டுலதான் தட்டு கழுவினார்.

... மைக்ராஸ்கோப்பா? அது பதக்கத்தோட சேர்ந்ததுன்னு கடுதாசியிலயே இருக்கே. யாரோ கழிச்சுப் போட்டதை வச்சுக்கிட்டு இத்தனை வருஷமா கண்ணைக் கெடுத்துக்கறார், ஐயா... பிரச்சினை பண்ணினா கமிட்டி யோசிக்கும். யோசிக்குமா... மிரட்டல் இல்ல. சரி. அப்ப இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?

... ஏங்க. எப்ப வந்து நின்னீங்க?... எல்லாத்தையும் கேட்டீங்களா... சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது, நீங்க சிரிக்கறீங்க... நிஜமாத்தான் சொல்றீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க... சரி. சரி, சொல்றேன். போங்க.

ஐயா, இருக்கீங்களா? அவர் வர்றாராம். சமையல்கட்டு வழியாவே. தனக்குத் தெரிஞ்சவங்க அங்கதான் இருப்பாங்களாம். ஐசாயான்னு ஒரு சமையல்காரர் இன்னும் இருக்காராம், சாப்பாடு அவர்கிட்ட ஆயிடுமாம். ஆனா மைக்ராஸ்கோப்பை அன்னிக்கே கையோட தூக்கிட்டு வரணும்கறார்.

... உங்களுக்கு நிம்மதிதான். சிரிச்சுட்டு உள்ள போனவர், ஒரு கால்ல ஷூவோட கட்டில்ல உக்காந்திருக்கார். இங்கேயிருந்தே தெரியுது.

... இருங்க, வச்சுடாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க ஆளுங்க எங்க ஆம்பளைங்களை, தலை நரைச்சிருந்தாலும், பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. இல்ல, 'டேய்'ம்பாங்க. எனக்கு அது புதுசில்ல. நாளைக்கு மேடைல, முந்நூறு பேர் முன்னால, மைக்குல அவரைக் கூப்பிடுவீங்கல்ல... 'டாக்டர் கெய்தர்'னு கூப்பிடுவீங்களா?

... ஐயா?

... இதுக்கும் ஹோட்டல்காரங்களைக் கேக்கணுமா? இது உங்க வாய்தானே, ஐயா.

... ஹலோ?

... ஹலோ...