ஞானதுரையின் ‘ம்’

ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேளுங்க. கதைன்னே வச்சுக்கோங்க. ரெண்டு நிமிஷம் கூடப் போச்சுன்னா என்மேல கோவிக்கக் கூடாது... சரியா?

ஞானதுரைன்னு ஒருத்தர். திசையன்விளைப் பக்கம். பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் “போலாம்... ரைட்!”னு ஒரு சத்தம் குடுத்தா, அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவங்க பையைத் தூக்கிருவாங்க. அப்பேர்ப்பட்ட தொண்டை!

அந்தத் தொண்டையில புற்றுநோய் வந்துட்டு. ஆபரேஷன் பண்ணி குரல்வளையையே எடுத்துட்டாங்க. ஆள் பிழைச்சுட்டார், ஸ்தோத்திரம்! ஆனா குரல்... போச்சு.

கழுத்துல வச்சு அமுக்கிப் பேசுற மெஷின் ஒண்ணு வாங்கினாங்க. வண்டு மாதிரி ஒரே இரைச்சல். ஏத்தம் கிடையாது, இறக்கம் கிடையாது. ரெண்டு நாள் வச்சுப் பாத்தார். பிடிக்கல, பீரோவுல போட்டுட்டார். அதுக்கப்புறம் எல்லாம் சிலேட்டுலதான். காப்பி வேணுமா? எழுதுவார். மாத்திரை எங்க? எழுதுவார்.

அவருக்கு ஒரு தங்கச்சி, ஜெபக்கனி. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு அண்ணன் வீட்டுக்குப் போறா. வீடு அமைதியா கிடக்கு. அவ மதினி தங்கபுஷ்பம் இருக்காங்களே... வாய் ஓயாம பேசுற மனுஷி! அவங்களும் பேசல.

“என்ன மதினி, உடம்புக்கு முடியலியா?”

“உடம்புக்கு என்ன... நான் யார்ட்ட பேச? அடுப்புப் பக்கம் திரும்பி நின்னு பேசுறேன். உங்க அண்ணன் கேக்காரா, தூங்குறாரா, ஒண்ணும் தெரியல. சிலேட்டத் திரும்பித் திரும்பிப் பாக்க முடியுமா? முன்னெல்லாம் நான் என்ன சொன்னாலும் அங்கேருந்து ஒரு ‘ம்’ வரும். இப்ப அந்த ‘ம்’ இல்லியே, ஜெபா...”

யோசிச்சுப் பாருங்க. அந்த அம்மா என்ன கேட்டாங்க? பாட்டுக் கேட்டாங்களா? பிரசங்கம் கேட்டாங்களா? ஒரே ஒரு ‘ம்’!

ஜெபக்கனி வீட்டுக்கு வந்தா. கம்ப்யூட்டரைத் திறந்தா. வெறும் கணக்கை வச்சே சத்தம் உண்டாக்குற சாஃப்ட்வேர் எழுதலாம், அதுக்கு சிந்தசைசர்னு பேருன்னு படிச்சா. நாமளே ஒண்ணு செஞ்சு பாத்தா என்னன்னு உக்காந்துட்டா.

முதல்ல ஒரே ஒரு சைன் அலை, ஒரே சீரா ஏறி இறங்குற வளைவு. கீ...ன்னு ஒரு விசில். அவ கண்ணுல தண்ணி வந்துட்டு. ஏன் தெரியுமா? இருபத்திரண்டு வருஷமா போர்டுல அந்த அலையை வரைஞ்சு பாடம் நடத்துறா. அன்னைக்குத்தான் முதல் முதலா அதைக் காதால கேக்கா!

ஆனா விசில் ‘ம்’ ஆகுமா? ஆகாது. ஒரு அலை மேல இன்னொரு அலை, அது மேல இன்னொண்ணுன்னு அடுக்கினா. சத்தத்துக்குச் சதை வந்துது. உதட்டை மூடினா கூர்மையான சத்தமெல்லாம் உள்ளேயே அடங்கிருதுல்லா? அதே மாதிரி மேல் அலைகளை வடிகட்டினா. அண்ணன்கிட்ட கொண்டுபோய் ஒலிக்க விட்டா...

“ம்ம்ம்ர்ர்ர்!”

மதினி கொல்லையிலேருந்து ஓடி வாறாங்க. “யாரு வீட்டுக் கன்னுக்குட்டி உள்ள வந்துட்டு?”

ஞானதுரை சிரிச்சார் பாருங்க! சத்தமே இல்ல. தோள் ரெண்டும் குலுங்குது, கண்ணுல தண்ணி வழியுது. ஆபரேஷனுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சார். அது என்ன சத்தம்னு மதினிட்ட ரெண்டு பேருமே சொல்லல.

அப்புறம் நாலு மாசம். ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுசு ஒண்ணு கொண்டு போவா. அவர் கேட்டுட்டு சிலேட்டுல எழுதுவார். “மூக்கு பத்தாது.” அடுத்த வாரம், “இது நான் இல்ல, உன் ஹெட்மாஸ்டர்.” அதுக்கடுத்த வாரம், “ரொம்ப நேரா இருக்கு. மனுஷன் இப்படியா முனகுவான்?”

ஆமால்லா! மனுஷக் குரல் கொஞ்சம் நடுங்கும், கொஞ்சம் மூச்சு கலந்திருக்கும். அதையும் சேத்தா. அவர் போன்ல போட்டுக் குடுத்தா. திரையில விரலை மேல இழுத்தா “ம்?” கீழ இழுத்தா “ம்.” ரெண்டு தட்டு தட்டினா “ம்ஹும்!”

ஒரு நாள் காலையில மதினி அடுக்களையில மீன் ஆஞ்சுக்கிட்டே, யார்ட்டன்னு இல்லாம முணுமுணுக்காங்க. “இந்த எஸ்தர் மவளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சாம்...”

முன் அறையிலேருந்து... “ம்.”

“மாப்பிள்ளை ஓசூராம்.”

“ம்?”

“ஆமாங்க, ஏதோ கம்பெனியில...” கத்தி நின்னுட்டு. அவங்க திரும்பிப் பாக்கல. பயம்... திரும்பினா இல்லாமப் போயிருமோன்னு. மெல்லக் கேக்காங்க.

“ஏங்க... கேக்கேளா?”

“ம்ம்.”

அவ்வளவுதான்! ஆபரேஷன்லேருந்து ஏழு மாசம் சேத்து வச்ச பேச்சு பூராத்தையும் அந்த அம்மா அங்கேயே நின்னு கொட்டிட்டாங்க. அழுறாங்க, சிரிக்காங்க, பேசுறாங்க. அன்னைக்கு மீன் குழம்பு கொதிக்கையில மணி மூணு!

நான் ஜெபக்கனிட்ட கேட்டேன். “ஏம்மா, இவ்வளவு படிச்சியே, என்ன தெரிஞ்சுக்கிட்ட?”

அவ சொன்னா, “ஐயா, நாலு மாசம் கஷ்டப்பட்டு ஒரே ஒரு எழுத்து செஞ்சேன். அதுவும் அரைகுறை. ஒவ்வொரு தடவை தப்பா வரும்போதும், ‘ஆண்டவரே, இத்தனையையும் என் தொண்டைக்குள்ள வச்சிருக்கீரா’ன்னு நன்றிதான் வந்துது.”

பிரியமானவங்களே... இந்த நன்றி கூட்டத்துல உங்ககிட்ட நான் கேக்கிறது இதுதான். வீடு குடுத்ததுக்கு நன்றி சொன்னோம், வேலைக்கு நன்றி சொன்னோம். இந்தத் தொண்டைக்கு என்னைக்காவது சொன்னோமா? அதைச் செஞ்சு பாத்த ஒருத்திக்குத்தான் அதோட அருமை தெரிஞ்சுது.

நன்றி சொல்றது இங்க பாட்டோட முடிஞ்சிரக் கூடாது. இன்னைக்கு உங்க வீட்ல ஒரு ஆள், அடுப்பைப் பாத்தோ சுவத்தைப் பாத்தோ, ஏதாவது பேசுவாங்க. நீங்க போனைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. ஆண்டவர் குடுத்த குரல் உங்ககிட்ட முழுசா இருக்கு... அந்தப் போனைக் கீழ வச்சுட்டு, அவங்களுக்குப் பதில் சொல்லுங்க.