மடுவத்துக் கதவு

ஹுன்னஸ்கிரியவில் ரபீகாவின் கடையில் உளுந்து வடை நன்றாக இருக்கும். அன்றும் நன்றாகத்தான் இருந்தது. என் மனைவி ராக்கம்மா இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள், மஹியங்கனை தாண்டியதும் பசிக்கும் என்று. அந்த வடையைப் பிறகு ஆஸ்பத்திரியில் கைப்பையோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து பாசிக்குடாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மலையிலேயே பிறந்து மலையிலேயே தேயிலைக் கொழுந்து பறித்தவள் அவள். கடலில் ஒருமுறை கால் நனைக்க வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. வழியில் எங்கெங்கே நிறுத்திப் பார்ப்பது என்பதை நான்தான் தீர்மானித்தேன். பேராதனைப் பூங்கா, கண்டி வாவி, விக்டோரியா அணைக்கட்டு, பதினெட்டு வளைவு. எல்லாம் அவள் பார்க்க ஆசைப்பட்ட இடங்கள். அதில் நான் குறை வைக்கவில்லை.

நிறுத்திய இடமெல்லாம் அவள் அந்தக் கதையைச் சொன்னாள். கதை என்னைப் பற்றியது. பேராதனையில் பனைமர வரிசைக்கு அருகே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராக்கம்மா தானாகவே போய்ப் பேச்சுக் கொடுத்தாள்.

“இவரு இருக்காரே, எங்க தோட்டத்துல கணக்கப்பிள்ள. மலையில நின்னா புலி. ஒரு நாளு குளவி கெளம்பிருச்சு. புலி பாஞ்சுச்சு பாருங்க, கொழுந்து மடுவத்துக்குள்ள பூந்து கதவ சாத்திக்கிச்சு. கல்யாணம் கட்டி வருசம்கூட ஆவல. நான் வெளியில நின்னு தட்டுறேன், ‘என்னங்க, நான்தான், கதவ தொறங்க’ன்னு. உள்ளேருந்து சத்தம் வருது, ‘யாரு?’ன்னு.”

“ஐயோ, பிறகு திறந்தவரோ?” என்றாள் அந்தப் பெண்.

“தொறக்காம? குளவியெல்லாம் வூட்டுக்குப் போனதுக்கப்புறம் தொறந்தாரு.”

அந்தப் பெண்ணின் கணவர் சிரித்து முடித்துவிட்டு, “அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?” என்று கேட்டார்.

“தாழ்ப்பாள் இறுகிருச்சுங்க” என்றேன். மூவரும் மறுபடி சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ‘யாரு’ என்று கேட்கவில்லை. அது அவள் பிற்காலத்தில் சேர்த்தது. மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அதன் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. அவசரத்தில் இழுத்துப் போட்டேன், திறக்க வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவளை லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் வார்டில் சேர்த்தோம். முகம் அடையாளம் தெரியவில்லை. பிழைத்துக்கொண்டாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த உடம்பு இன்னொரு தடவை குளவி கொட்டினால் தாங்காது, மூச்சு அடைத்துவிடும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன். எந்த மரத்தில் கூடு இருக்கிறது, எந்தப் பாறைக்கடியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலையாயிற்று. அவள் எங்கு போனாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மரநிழலில் நிற்பாள்.

அவள் ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிரித்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிரிப்பவளுக்கு என்ன பதில் சொல்வது? எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் செத்துப்போனார்கள், கதை சாகவில்லை. கண்டியில் இருக்கும் மகள் கிருஷாந்தி வீட்டில், பேத்தியின் பிறந்தநாளன்று பிள்ளைகள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். ஒருத்தி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் வெளியே நின்று ‘ங்ங்ங்’ என்று இரைந்துகொண்டு தட்ட வேண்டும். அதற்குத் ‘தாத்தா ஆட்டம்’ என்று பெயர். நான் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேக்கும் நன்றாகவே இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. செய்யாத ஒரு குற்றத்துக்கான தண்டனையை நான் முழுவதுமாக அனுபவித்து முடித்திருந்தேன். தண்டனை முடிந்துவிட்டது, குற்றம் மட்டும்தான் பாக்கி. இதில் கோபம் எதுவும் இல்லை. நீங்களும் நிதானமாக யோசித்தால் இந்த இடத்துக்கு வந்து சேர்வீர்கள்.

ரபீகாவின் கடையிலும் கதை நடந்தது. நாங்கள் வேலை செய்த பழைய தோட்டம் அந்தப் பக்கம்தான், அதனால் அங்கே அது பழைய கதை. ஆனாலும் ரபீகா விடமாட்டாள். “ராத்தா, இந்த ஆக்கள் கேட்டதில்ல, சொல்லுங்களே” என்று பக்கத்து மேசைக்காரர்களைக் காட்டினாள். காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது என்னிடம், “நானா, எங்கட கடைக் கதவுக்கு லொக்கே இல்ல. பயப்படாமப் போய்ட்டு வாங்க” என்றாள். ராக்கம்மா சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

வளைவுகள் இறங்கத் தொடங்கும் இடத்தில் சாலையோரம் ஒரு கல் உண்டு. மஞ்சள் துணி சுற்றி, பக்கத்தில் ஒரு சூலம் நட்டிருக்கும். முனியாண்டி. எங்கள் ஆட்கள் யாரும் அங்கே நிறுத்தாமல் இறங்கமாட்டார்கள். சூடம் கொளுத்தி, சாம்பிராணி போட்டு, புகையைக் காரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். ராக்கம்மா இதில் கெட்டி. சிரட்டையில் நெருப்பெடுத்துப் புகை கண்ணை மறைக்கும்வரை போடுவாள். சாம்பிராணியை நாவலப்பிட்டியில் நானே வாங்கி வைத்திருந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கியிருந்தேன்.

கல் திறந்த வெளியில் இருக்கிறது. காற்று அடித்தது. சூடம் நிற்கவில்லை.

“அந்த மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பத்த வையி புள்ள. பத்தினதும் எடுத்துக்கிட்டு வந்து சாமிக்குக் காட்டு” என்றேன்.

அவள் போகுமுன் நின்று திரும்பினாள். “மேல கூடு கீடு இருக்கா, பாருங்க.”

காரில் இருந்தபடியே அண்ணாந்து பார்த்தேன். “ஒண்ணும் இல்ல. போ.”

இலைகள் அடர்த்தியாக இருந்தன, கண்ணுக்குத் தெரியவில்லை என்று மரண விசாரணையில் சொன்னேன். இலைகள் அடர்த்தியாக இருந்தது உண்மை. முந்தின மாதம் பழைய தோட்டத்தில் ஒரு சாவுக்கு வந்தபோது, அப்படியே வளைவு வரைக்கும் வந்து அந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தேன் என்பதும் உண்மை. அதை யாரும் கேட்கவில்லை. கூடு சுளகு அகலத்தில் தொங்கியது.

அவள் மரத்தடிக்குப் போனதும் கண்ணாடிகளை ஏற்றினேன். அந்த இடத்தில் குரங்குகள் அதிகம், தின்பண்டம் இருந்தால் உள்ளே கைவிடும். பூட்டையும் அழுத்தினேன். அதுவும் குரங்குகளுக்காகத்தான்.

புகை நேராக மேலே போனது. குளவிகள் கிளம்பியதை முதலில் கண்டது நான், பிறகுதான் அவள். சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த வயதுக்கு நன்றாகவே ஓடினாள். கதவை இழுத்தாள். தட்டினாள். “என்னங்க, கதவ தொறங்க” என்றாள். என்னால் அவள் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் என் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தைதான் சொன்னாள். சத்தம் கேட்கவில்லை, உதட்டில் படித்தேன்.

“மறுபடியுமா?”

அதற்குப் பிறகு முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கதவின் ஓரமாகவே உட்கார்ந்துவிட்டாள். திறந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். இதைப் பலரும் என்னிடம் சொல்லி ஆறுதல்படுத்தினார்கள், நான் மறுக்கவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு இறங்கி அவளைத் தூக்கினேன். அப்போது என் புறங்கையில் ஒன்று கொட்டியது. அந்த வீங்கிய கையைச் சாவீட்டில் ஒவ்வொருவரும் பிடித்துப் பார்த்தார்கள்.

கார்ப் பூட்டு இறுகிவிட்டது என்று பொலிசில் சொன்னேன். பழைய கார்தானே என்றார் அதிகாரி. எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுநாள் கிருஷாந்தி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. “அப்பா, ஒண்ணு கேக்குறேன், கோவிக்காதீங்க. அந்தக் காலத்துலயும் தாழ்ப்பாள்தானா?”

“தாழ்ப்பாள்தான்” என்றேன். “மடுவம் இன்னும் இருக்கு. வேணுமின்னா தாழ்ப்பாளப் படம் எடுத்துட்டு வந்து காட்டுறேன்.”

“காட்டுங்க” என்றாள். வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

அதனால் போன வாரம் பழைய தோட்டத்துக்குப் போனேன். அந்தப் பக்கத்து மலை காடாகிவிட்டது. மடுவம் நிற்கிறது. என் காலத்தில் கொழுந்துச் சாக்கு தூக்கிய செல்லச்சாமி அதில் ஆட்டுக்குத் தழை போட்டு வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் அழுதான். அவனுக்கும் ராக்கம்மாவைப் பிடிக்கும். நான் கைபேசியை எடுத்துக்கொண்டு கதவருகே போனதும் என்ன பார்க்கிறேன் என்று கேட்டான்.

“தாழ்ப்பாள் எங்க செல்லச்சாமி? கழட்டிட்டியா?”

“தாழ்ப்பாளா? இதுக்கு எந்தக் காலத்துலங்க ஐயா தாழ்ப்பாள் இருந்துச்சு? களவாண்டு போக உள்ள என்ன இருந்துச்சு? காத்து மழைன்னா உள்ளுக்கு நிக்கிறவங்கதான் புடிச்சுக்குவாங்க.”

அவனுக்கு வயதாகிவிட்டது. எனக்கு ஐந்தாறு வயது மூத்தவன், ஞாபகம் தடுமாறும். பலகையை நானே விரலால் தடவிப் பார்த்தேன். அதே பழைய பலகை. ஆணி அடித்த துளை ஒன்றுகூட இல்லை. நிலையிலும் இல்லை. உள்பக்கம் ஒரு மரக் கைப்பிடி இருக்கிறது, பிடித்துப் பிடித்து வழுவழுப்பாகிவிட்டது.

செல்லச்சாமியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். கதவு நன்றாக மூடித்தான் இருந்தது. பிறகு கையை எடுத்தேன்.

கதவு தானாகத் திறந்துகொண்டது.