டெல்லி வழியாகத் திருச்சி

திண்டுக்கல் மாநகரப் பெருமக்களுக்கும், குறிப்பாக என்னை விசாரிக்க உட்கார்ந்திருக்கும் ஜமாத் நிர்வாகிகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: விமான நிலையமே இல்லாத இந்த ஊரில், அடிக்கடி பறப்போருக்கான சலுகைத் திட்டங்களை விதிமுறையோடு படித்து முடித்த ஒரே ஆள், தோல் வியாபாரி நைனா முகமதாகிய நான்தான்.

என் மச்சினன் ரஃபி கொடுத்த புகாரைப் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. மலேசியாவில் மேனேஜர் அல்லவா.

போன வருடம் குடும்பத்தோடு அவன் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அவனும் ஊருக்குக் கூட வந்தான். கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கதவு. அடிக்கடி பறக்கும் தங்க அட்டைக்காரர்கள் உள்ளே போய்ச் சாப்பிடலாம், சாய்ந்து படுக்கலாம். "மச்சான், ஒரு கார்டுக்கு என்கூட ஒரு ஆளத்தான் விடுவாங்க. அக்காவக் கூட்டிட்டுப் போறேன். நீங்க செத்த நேரம் பெட்டியப் பாத்துக்கங்க" என்றான். பார்த்துக்கொண்டேன். என் மனைவி சர்புன்னிசா, டிஷ்யூ தாளில் ஒரு கேக் துண்டு மடித்துக்கொண்டு வந்தாள். "உள்ள இடியாப்பம்கூட இருக்குங்க" என்றாள்.

கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். ஆராய்ச்சியில் இறங்கினேன். எந்த அட்டைக்கு எத்தனை புள்ளி, எந்த விமானத்துக்கு எத்தனை சலுகை மைல் சேரும், எது எப்போது காலாவதியாகும், எல்லாம். அட்டை விற்கும் தமிழ்நிலா என்ற பெண் போனில், "வருஷத்துக்கு எத்தன தடவ சார் பறப்பீங்க?" என்றாள். "வத்தலக்குண்டுக்கே பஸ்லதாம்மா போறேன்" என்றேன். அதற்கும் ஓர் அட்டை வைத்திருந்தாள்.

அதன் பிறகு சொந்தக்காரர் யார் பறந்தாலும் டிக்கெட் நான்தான் போடுவேன். அதனால்தான் மாமி ஜெய்தூன் பீவி படுக்கையில் விழுந்த அன்று, ரஃபி எனக்குப் போன் செய்தான். "மச்சான், நீங்களே டிக்கெட் போட்டு விடுங்க. அம்மா மொகத்த உசுரோட பாத்துரணும்."

திருச்சிக்கு நேர் விமானம் இருந்தது. அதில் இடமும் இருந்தது. நான் டெல்லி, சென்னை சுற்றித் திருச்சி போட்டேன். தூரம் கூடினால் மைல் கூடும். வந்த வாய்ப்பை விடுபவன் வியாபாரி இல்லை.

"ஏன் மச்சான் டெல்லி?"

"நேர் பிளைட்டு ஃபுல்லுடா மாப்ள."

மாமி இரண்டு முறை, "ரஃபி வந்துட்டானாப்பா?" என்று கேட்டார். "வாரான் மாமி" என்றேன். அது பொய்யில்லை. அவன் வந்துகொண்டுதான் இருந்தான். நேர் விமானத்தில் வந்திருந்தால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். மறுநாள் காலையில் மாமி கண்ணை மூடியபோது, அவன் டெல்லியில் கண்ணாடிக் கதவுக்குள், தங்க அட்டையோடு, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தான். அங்கே இடியாப்பம் உண்டா என்பது எனக்குத் தெரியாது.

பள்ளிவாசல் ஹஜ்ரத் நல்ல மனிதர். "மகன் வாரார்ல, சாயங்காலம் மஃரிபு வரைக்கும் பாப்பமா?" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். நான்தான், "மையத்தக் காக்க வைக்கிறது மார்க்கத்துக்கு அடுக்குமா ஹஜ்ரத்?" என்றேன். வீட்டு மருமகன் மார்க்கத்தைச் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அடக்கம்.

"பெத்த மகன் பாக்கலியேங்க. இன்னும் செத்த நேரம் பொறுங்களேன்" என்று சர்புன்னிசா என் கையைப் பிடித்தாள். கையை எடுத்துவிட்டேன்.

மஃரிபு பாங்கு சொல்லும் நேரத்தில் ரஃபி பெட்டியோடு வந்து இறங்கினான். வீட்டுக்குள்கூட வரவில்லை. நேரே கபர்ஸ்தானுக்குப் போய் ஈர மண்ணைக் கையால் தோண்டத் தொடங்கினான். நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வாசலில் அவன் விட்டுப்போன பெட்டியை நான் பார்த்துக்கொண்டேன்.

அற்ப மைலுக்கு ஆசைப்பட்டு ஒரு மகனுக்குத் தாய் முகத்தை இல்லாமல் ஆக்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறான். அப்படியே பதிந்துகொள்ளுங்கள். பேராசைக்காரன் என்ற பெயரோடு இந்த ஊரில் வியாபாரம் செய்யலாம், ஒன்றும் குறைந்துவிடாது. விதிமுறையை அவன் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மைல்கள் பறந்தவன் கணக்கில்தான் ஏறும். டிக்கெட் போட்டவனுக்கு ஒரு மைல்கூடக் கிடையாது.