இரண்டாம் ஞாயிறுக்கு மறுநாள்

ஊதா நிற மெழுகுவர்த்தி திண்டிவனத்தில் சட்டென்று கிடைக்காது, சார். கடைக்குக் கடை வெள்ளைதான். வருஷா வருஷம் விழுப்புரத்துக்கு பஸ் ஏறிப் போய் நான்தான் வாங்கி வருவேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் திருவருகைக் காலம் நான்கு ஞாயிறு. வாரத்துக்கு ஒன்றாக ஏற்றுவோம். இரண்டாவது சமாதானத்துக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு வகுப்பில் வேதம் சொல்லித் தருகிறவளும் நான்தான். அமலா டீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

என் மகன் அலெக்ஸ் குடிகாரன். டிசம்பர் வந்தால் மட்டும் மனுஷன். இரண்டாம் ஞாயிறுக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, கிறிஸ்துமஸ் வரை ஒரு சொட்டுத் தொடமாட்டான். பொங்கலுக்குள் பழையபடி ஆரம்பித்துவிடுவான். போன ஜனவரியில் அவன் மிதித்ததில் மருமகள் பானுப்ரியாவுக்குக் கரு கலைந்துபோனது. ஐந்து மாதம். துணியில் சுற்றி எடுத்துப் போனது நான்.

இந்த வருஷமும் சாமியாரிடம் போனான். அரை மணி நேரம். கண் சிவந்து வெளியே வந்தவன், கோவில் வாசலிலேயே பானுவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வாட்டி நெசமாவே மாறிட்டேன், பானு."

நானும் அழுதேன். அவனை நம்பினேன் சார், அதைச் சொல்லியாக வேண்டும். நம்பியதால்தான் செய்தேன். அவ்வளவு சுத்தமாக அவன் இனி என்றைக்கு இருக்கப் போகிறான்? பாவம் கழுவிய ஆத்துமா நேரே மோட்சம் போகும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை பானு களை எடுக்கப் போயிருந்தாள். அவனுக்குச் சளி. கஷாயத்தில் பூச்சி மருந்தைக் கலந்தேன்.

"என்னாம்மா, இப்படி நாறுது?"

"மூக்கப் புடிச்சிக்கினு ஜல்தியா குடிச்சிடு கண்ணு."

என் பேச்சைத் தட்டாமல் குடித்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போம்மா என்று கெஞ்சினான். செய்த பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாப மந்திரத்தை நான் சொல்லி, கூடச் சொல்லச் சொன்னேன். அவன் சொல்லவில்லை. என்னைத் திட்டத் தொடங்கினான். பெற்றவளைச் சபிப்பது சாவான பாவம், சார், அதோடு செத்தால் நரகம்தான். ஒரு வார்த்தையில் எல்லாம் பாழாகிவிடும். அதனால் தலையணையை எடுத்தேன்.

மூச்சு முட்டித்தான் செத்தான், உடனே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். நேற்று சாமியார் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, மனம் வருந்து அமலா என்றார். எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை.

என் மகன் சமாதானமாகத்தான் போனான். அதுவரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.